புஷ்ஷுக்கு வைத்த மஞ்சள் கிரீஸ்

அப்பா,

நேற்றுப் போட்டிருந்த சட்டையில் ரப்பர் கருகிய வாசனை இன்னும் போகவில்லை. செத்துப்போன தகப்பனை நினைத்துக்கொள்ள மற்ற பிள்ளைகளுக்கு விபூதி, சந்தனம், வெற்றிலை என்று ஏதாவது ஒரு வாசனை வாய்க்கும். எனக்கு வாய்த்தது இது.

உங்கள் வெள்ளைக் காரை நேற்று மெக்கானிக் செல்வராசுவின் பட்டறைக்குக் கொண்டுபோனேன். முன்சக்கரத்தின் கையைக் கழற்றி இடுக்கியில் மாட்டி, நீங்கள் போட்ட புஷ்ஷை காஸ் நெருப்பு வைத்து எரித்தெடுத்தார். புகை மூடியது. மின்மயானத்தில் உங்களுக்குக்கூட இவ்வளவு நேரம் ஆகவில்லை.

"ஐயா போட்டதுங்க. லேசுல வராது" என்றார் செல்வராசு. மரியாதையாகத்தான் சொன்னார்.

கார் தெரியாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்லிவிடுகிறேன். காரின் உடம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே கை போல ஓர் இரும்பு இருக்கிறது. அதன் மூட்டில் ஒரு ரப்பர் வளையம். அதைத்தான் புஷ் என்கிறார்கள். பள்ளத்தின் அடியைத் தான் வாங்கிக்கொண்டு, மேலே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை. நம் வீட்டில் அந்த வேலையை அம்மா பார்த்தாள்.

நீங்கள் கார் வாங்கியது பயணத்துக்காக அல்ல. எருமப்பட்டி ரோட்டிலிருந்து நம் கோழிப்பண்ணைக்கு இறங்கும் மண்பாதையில், இன்ஜினை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் உருண்டு வருவதற்காக. லாரி ஓட்டிய காலத்தில் டீசல் மிச்சம் பிடிக்கக் கற்ற வித்தை. பண்ணை வைத்த பிறகு அதை, வேலை செய்யாமல் ஏய்க்கும் ஆளைப் பிடிக்கப் பயன்படுத்தினீர்கள். "சத்தம் போட்டுட்டு வாரவன் விருந்தாளி. சத்தமில்லாம வாரவன்தான் மொதலாளி" என்பீர்கள். இதைவிடச் சுருக்கமான ஆட்சி இலக்கணத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

கொட்டகைக்குப் பின்னால் ஒருவன் அவித்த முட்டை ஒன்றைத் தின்றுகொண்டிருந்தபோது நீங்கள் அப்படித்தான் வந்து நின்றீர்கள். திட்டவில்லை. ஓர் அட்டை முட்டையை, முப்பதையும், அவிக்கச் சொல்லி அவன் முன்னால் வைத்தீர்கள். "சாப்பிடு சாமி, வெக்கப்படாத" என்றீர்கள். அவன் பாதியில் அழ ஆரம்பித்தான். "உப்புப் பத்துலையா?" என்று கேட்டீர்கள். அவ்வளவு கனிவான குரலில் நீங்கள் என்னிடம் பேசியதில்லை.

தங்கச்சி கவிதாவின் கதையிலும் நீங்கள் கத்தவில்லை. சேலம் பக்கம் இளம்பிள்ளையில் தறி ஓட்டும் வீட்டுப் பையனை, நம் சாதியில் இல்லாதவனை, அவள் கட்டிக்கொண்டு போன மறுநாள், ரேஷன் கார்டில் அவள் பெயரை எடுக்க நீங்களே போய் வரிசையில் நின்றீர்கள். வாழ்க்கையில் நீங்கள் வரிசையில் நின்றது அந்த ஒருமுறைதான். அதன்பிறகு யார் கேட்டாலும் "நமக்கு ஒரே பையனுங்க" என்றீர்கள். அந்த ஒரே பையனைப் பற்றியும் உங்களுக்குப் பெருமை இருந்ததில்லை. நான் பத்திரிகைகளுக்குக் கேலிக்கட்டுரை எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இது ஒரு முட்டையாவது போடுமா?" என்று கேட்டீர்கள். நியாயமான விமரிசனம்.

அம்மாவுக்கு நீங்கள் போட்ட சட்டம் எளிமையானது. கவிதாவோடு பேசக்கூடாது, பார்க்கக்கூடாது. பேசினால் அம்மாவும் இளம்பிள்ளைக்கே போய்விடலாம், வாசல் திறந்துதான் இருக்கிறது. நீங்கள் எந்த நேரத்தில் எந்தச் சன்னலுக்கு வெளியே நிற்பீர்கள் என்று தெரியாததால், சட்டத்தைக் காவல் காக்கத் தனியாக ஆள் தேவைப்படவில்லை. கவிதாவுக்குப் பெண் பிறந்த செய்தியை அம்மா நம் முட்டை லாரி டிரைவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். கேட்டுவிட்டு, "அடுப்புல பால் இருக்குதுங்க" என்று உள்ளே போனாள். அடுப்பில் பால் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மண்பாதைப் பள்ளங்கள் காரின் புஷ்ஷைத் தின்று தீர்த்தன.

"கம்பெனி ரப்பரே போட்டுக்கலாமுங்க. வூட்டு வண்டி, மெத்துன்னு போவும்" என்றார் செல்வராசு.

"மெத்துன்னு போறதுக்கு நானென்ன பொண்ணு பாக்கவா போறேன்? நிக்கோணும்பா. என் காலத்துக்கும் நிக்கோணும்."

நின்றது. உங்கள் காலத்தைத் தாண்டியும் நின்றது.

இணையத்தில் என்னைத் தேடச் சொல்லி, கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த சிவப்பு புஷ் வரவழைத்தீர்கள். பந்தயக் கார்களுக்குப் போடுவது என்று விளம்பரம் சொன்னது. பெட்டிக்குள் புஷ்ஷோடு ஒரு செய்முறைத் தாளும், சின்னப் பொட்டலத்தில் வெள்ளை கிரீஸும் இருந்தன. தாளின் ஓரத்தைக் கிழித்து மடித்துப் பல் குத்திக்கொண்டீர்கள். பொட்டலத்தைத் தூக்கிப் பார்த்தீர்கள்.

"இதென்னப்பா, புரோட்டாக் கடையில சால்னா கட்டிக் குடுத்த மாதிரி?"

"அந்த புஷ்ஷுக்குன்னே வார கிரீஸுங்க. அதத்தான் தடவோணும்" என்றேன்.

"லாரிக்கு அடிக்கிறது இருக்குதல்ல, மஞ்சள் கிரீஸு. அத எடுத்துட்டு வா."

"அது மண்ணப் புடிச்சுக்குமுங்க. அப்பறம் சத்தம் வருமுங்க."

"நான் கிரீஸ் அடிச்ச லாரி காஷ்மீர் போயிட்டு வந்துச்சு. நீ எதுவரைக்கும் போயிருக்கற?"

"சேலம் வரைக்குமுங்க."

"அப்பறம்?"

'அப்பறம்' என்று நீங்கள் கேட்டால் வாதம் முடிந்தது என்று பொருள். வெள்ளைப் பொட்டலம் சாக்கடைக்குப் போனது. இதில் உங்களை மட்டும் குறை சொல்ல முடியாது. லாரியின் வில்பட்டைகளைக் கோத்திருக்கும் பின்னுக்கு வாராவாரம் கிரீஸ் அடிக்காதவனை நாமக்கல்லில் மனிதனாகவே மதிப்பதில்லை. குலதெய்வத்துக்குக்கூட வருஷத்துக்கு ஒருமுறைதான் போகிறோம். அசையும் இரும்பு எதைக் கண்டாலும் மஞ்சள் கிரீஸை அப்பும் ஊரில், காருக்கு வேறு சாமி, வேறு நைவேத்தியம் என்றால் யார் ஒப்புவார்கள்?

மாட்டுவதிலும் உங்கள் கை இருந்தது. பழைய ரப்பரை எடுத்துவிட்டு அதைச் சுற்றியிருக்கும் இரும்புக் கூட்டை மட்டும் விட்டுவைக்க வேண்டும் என்று, நீங்கள் பல் குத்திய தாளில் படமே போட்டிருந்தது. நீங்கள் முட்டை லாரி டிரைவரிடம் கூட்டையும் சேர்த்து அறுக்கச் சொன்னீர்கள். புதிய புஷ் பெரிய செருப்பில் நுழைந்த சின்னக் கால் போல ஆடியது. எண்ணெய் டின் ஒன்றை வெட்டி, தகரத்தை அதைச் சுற்றிக் கட்டி, சம்மட்டியால் அடித்து இறக்கச் செய்தீர்கள். "இது போதும், எமனே வந்தாலும் கழட்ட முடியாது" என்றீர்கள். எமனுக்கு அதில் அக்கறை இருக்கவில்லை.

முதல் சில நாள் கார் ஊமையாகத்தான் வந்தது. பிறகு மஞ்சள் கிரீஸ் மண்பாதையின் புழுதியைச் சேர்த்துப் பிசைந்துகொள்ள, ஒரு காலை நேரத்தில் அந்தச் சத்தம் பிறந்தது. கழுத்தறுபடும் சேவலும், துருப்பிடித்த கிணற்று ராட்டினமும் சேர்ந்து கத்தியது போல ஒரு கிறீச். இன்ஜினை அணைத்து உருட்டினாலும் கிறீச். பண்ணை முழுக்கக் கேட்டது.

உங்கள் மொதலாளித்தனம் அன்றோடு முடிந்தது. இலக்கணப்படி நீங்கள் விருந்தாளி.

பாதையின் முதல் பள்ளத்தில் கார் கத்தியதும் சூப்பர்வைசர் முத்துசாமி கட்டிலிலிருந்து எழுவார். பீடிகள் அணையும். நான் புத்தகத்தை மூடி முட்டை ஆர்டர் போனை எடுப்பேன். நீங்கள் வந்து இறங்கும்போது உலகத்திலேயே ஒழுங்கான பண்ணை உங்களை வரவேற்கும். "என்னைக் கண்டா பயம் இருக்குது" என்று திருப்திப்பட்டுக்கொண்டீர்கள். கண்டு அல்ல அப்பா, கேட்டு.

அம்மா முதலில் போனில் பேசினாள். பிறகு தைரியம் வந்தது. கவிதா குழந்தையோடு பஸ் ஏறி வர ஆரம்பித்தாள். அவள் கணவன் வீட்டுக்குள் வரவில்லை. மரவள்ளிக்காட்டுக்கு அந்தப்பக்கம், ரோட்டோரத்தில், யாரோ ஒருவருடைய மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்திருப்பான். அம்மா பேத்தியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, நெய்ச்சோறு ஊட்டுவாள். ஊட்டும்போது ஒரு காதை எப்போதும் பாதைப்பக்கம் வைத்திருப்பாள். கிறீச் கேட்டதும் கவிதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக மரவள்ளிச்செடிகளுக்குள் மறைந்துவிடுவாள். நீங்கள் உள்ளே வந்து, "நெய் வாசம் அடிக்குது" என்பீர்கள். "உங்களுக்குத்தானுங்க" என்று அம்மா தட்டை வைப்பாள். பேத்தி வைத்த மிச்சத்தை நீங்கள் ருசித்துச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

சத்தத்தை ஒழிக்க நீங்கள் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். செல்வராசுவிடம் போனால் கழற்றிக் கழுவிச் சரியான கிரீஸ் வைத்துத் தந்திருப்பார். அதற்கு நீங்கள் போட்டது தப்பென்று ஆகிவிடும். எனவே விளக்கெண்ணெய் ஊற்றினீர்கள். தேங்காயெண்ணெய் ஊற்றினீர்கள். டீசல், மண்ணெண்ணெய், ஒருமுறை கோழிக்கு ஊற்றும் மீனெண்ணெய். ஒவ்வொன்றுக்கும் கார் ஒரு நாள் வாயை மூடிக்கொள்ளும்.

அப்போதுதான் அம்மா காரைக் கழுவ ஆரம்பித்தாள்.

இத்தனை வருஷத்தில் உங்கள் காரைத் தொடாதவள், விடிந்ததும் கொட்டகை கழுவும் பிரஷர் பம்பை இழுத்து வந்து, மேலே பேருக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, குனிந்து சக்கரத்துக்கு உள்பக்கம் சோப்பு போட்டுப் பீய்ச்சி அடித்தாள். நீங்கள் ஊற்றிய எண்ணெயெல்லாம் கழுவிக்கொண்டு போனது. காய்ந்ததும் கார் மறுபடி கத்தியது. "இப்பத்தான் உங்கம்மாளுக்குப் பொண்டாட்டியா இருக்கத் தெரிஞ்சுருக்குது" என்று என்னிடம் சொன்னீர்கள்.

அம்மாவிடம் கேட்டேன். "வண்டி அழுக்கா இருந்தா உங்கப்பாவுக்கு ஆகாது சாமி" என்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான் எழுதும் எழுத்துக்கு அந்த முகத்தைத்தான் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு ஒரே எதிரி மழை. ஈரம் பட்டால் புஷ் கத்தாது. வானம் பார்த்த பூமியில் இருந்துகொண்டு, மாரியம்மனிடம் மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்ட ஒரே குடியானவர் வீட்டுப் பெண் அம்மாவாகத்தான் இருப்பாள்.

அம்மன் ஊர்ப்பொது. கோடைமழை ஒன்று சொல்லாமல் வந்தது. கொட்டகைத் தகரத்தில் மழை இரைய, கவிதா தலை துவட்டிக்கொண்டிருக்க, குழந்தை பாயில் தவழ்ந்துகொண்டிருந்தபோது, நீங்கள் கதவருகில் நனைந்து நின்றீர்கள். எவ்வளவு நேரமாக நின்றீர்கள் என்று இன்றும் தெரியாது.

கவிதா எழுந்தாள். "அப்பா" என்றாள்.

"யாருங்க நீங்க?" என்றீர்கள். "முட்டை வாங்க வந்தீங்களாக்கும். பாவம், மழையில மாட்டிக்கிட்டீங்க." அம்மாவிடம் திரும்பினீர்கள். "இந்தா, வந்தவங்க எத்தன நேரம் நிப்பாங்க? ஒரு அட்டை குடு. உடையாமக் கட்டிக் குடு. சில்லறை யாவாரம்னா இளப்பமா?"

அம்மா ஓர் அட்டையை எடுத்துக் கட்டினாள்.

"காச வாங்கிக்கிட்டுக் குடு" என்றீர்கள்.

குழந்தை தவழ்ந்து வந்து உங்கள் ஈர வேட்டியைப் பிடித்தது. குனிந்து, அதன் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்துவிட்டீர்கள். "பாப்பா பேரு என்னங்க?"

கவிதா சொன்னாள். அது உங்களைப் பெற்றவளின் பெயர்.

"நல்ல பேருங்க" என்றீர்கள்.

கவிதா காசு கொடுத்தாள். அம்மா வாங்கிக்கொண்டாள். ஒரு கையில் குழந்தை, மறு கையில் முட்டை அட்டையோடு கவிதா மழையில் மரவள்ளிக்காட்டுக்குள் போனாள். நான் நாளிதழைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். நீங்கள் காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "மழை நல்லாத்தான் பெய்யுது" என்றீர்கள். "ஆமாங்கப்பா" என்றேன். அதுவும் உண்மைதான்.

கவிதா அப்புறம் வரவில்லை. ஒரு முட்டைகூட உடையவில்லை என்று போனில் சொன்னாளாம். அவற்றை என்ன செய்தார்கள் என்று அம்மா கேட்கவில்லை. ஆனால் கார் கழுவுவதை மட்டும் நிறுத்தவில்லை. தப்பித்தவறி ஒருநாள் அவள் வந்துவிட்டால்?

அந்த மழை உங்களுக்குப் பழைய ருசியை ஞாபகப்படுத்திவிட்டது. கார் கத்தினால் என்ன, கால் கத்தாதே. பாதி மண்பாதையில், வேப்பமரத்தடியில் காரை நிறுத்திவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வர ஆரம்பித்தீர்கள். முத்துசாமி ஒருமுறை அப்படி மாட்டினார். அவர் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை வெயிலில் நிற்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு பண்ணையில் புதிய பாடம் பரவியது. கிறீச் வந்துகொண்டிருந்தால் கொஞ்சம் அவகாசம் இருக்கிறது. கிறீச் பாதியில் நின்றால்தான் ஆபத்து.

அந்த மழைக்கு ரெண்டு கோடை கழித்து வந்த உங்கள் கடைசி நாளில் வெயில் நன்றாகக் காய்ந்தது. கார் திரும்பும் சத்தம் கேட்டது. முதல் பள்ளத்தில் கிறீச். இரண்டாவதில் கிறீச். வேப்பமரத்துக்குப் பக்கத்தில் நின்றது.

நாங்கள் எல்லோரும் வேலை செய்தோம் அப்பா. அந்த அரைமணி நேரத்தைப் போல நம் பண்ணையில் வேலை நடந்ததே இல்லை. முத்துசாமி கழுவிய தண்ணீர்க்குழாயை மறுபடி கழுவினார். கூட்டிய இடத்தைப் பெண்கள் மறுபடி கூட்டினார்கள். நான் இல்லாத ஆர்டருக்கெல்லாம் போன் செய்து விசாரித்தேன். அம்மா அடுப்படியில் நிமிர்ந்து நின்றுகொண்டு, கொதித்த குழம்பையே கிளறிக்கொண்டிருந்தாள். யாரும் பாதைப்பக்கம் தலை திருப்பவில்லை. திருப்பினால் வேடிக்கை பார்க்கிறான் என்று ஆகிவிடும். ஒவ்வொரு முதுகுக்குப் பின்னாலும் நீங்கள் செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தீர்கள்.

தீவன லாரி வந்து, வழி கிடைக்காமல் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்து, டிரைவர் இறங்கிப் போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, நீங்கள் ஸ்டீயரிங்கில் நெஞ்சைச் சாய்த்திருந்தீர்கள் என்று. அப்போதும் கொஞ்சம் மூச்சு இருந்தது.

"கொஞ்சம் முன்னாடி கொண்டு வந்திருக்கலாமே" என்றார் மருத்துவர். எல்லோரிடமும் சொல்வதுதான். வேலையாக இருந்தோம் என்று எப்படிச் சொல்வது?

முத்துசாமிக்கு அந்தச் சங்கடம் இல்லை. எழவுக்கு வந்தவர்களிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மொதலாளி போனப்ப ஒருத்தரும் சும்மா இல்லீங்க. எல்லாரும் வேலையிலதானுங்க இருந்தோம்." உங்களுக்கு யாரும் இதைவிடச் சிறந்த இரங்கலுரை ஆற்றியிருக்க முடியாது.

கவிதா வந்தாள். வாசல் வழியாக, முதல் தடவையாக. உங்கள் காலடியில் நின்று பார்த்துவிட்டு என்னிடம், "அண்ணா, இப்பவாச்சும் யாருன்னு தெரியுமா இவருக்கு?" என்று கேட்டாள். நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். பழைய முகம்தான்.

இப்போது அவள் நினைத்தபோது வருகிறாள். அம்மா மட்டும் விடிந்ததும் காருக்கு அடியில் பீய்ச்சி அடித்துக்கொண்டிருந்தாள். "இனி எதுக்குங்கம்மா?" என்று கேட்டால், "பழகிருச்சு சாமி" என்பாள். இந்தச் சத்தத்தைச் சகித்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணத்தைத்தான் எரித்துவிட்டு வந்தோமே. அதனால்தான் நேற்று பட்டறைக்குப் போனேன்.

செல்வராசு கம்பெனி ரப்பரே போட்டார். காரைத் தரையில் இறக்கி, எடை முழுக்க உட்கார்ந்த பிறகு, கீழே படுத்துக்கொண்டு நட்டை முறுக்கினார். "பாரம் ஏறுனப்பறந்தான் முறுக்கோணுமுங்க. தொங்கறப்பவே முறுக்கிட்டா, இது காலம்பூரா திருகிக்கிட்டே கெடந்து கிழிஞ்சுரும்" என்றார். ரப்பரைப் பற்றித்தான் சொன்னார். எரித்தது போக மிஞ்சிய தகரச்சுருளை ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று கையில் கொடுத்தார்.

சாயங்காலம் மண்பாதையில் இறங்கினேன். எந்தப் பள்ளமும் தெரியவில்லை. இறக்கத்தில் ஏன் இன்ஜினை அணைத்தேன் என்று தெரியவில்லை. கார் தானாக உருண்டு வந்து வாசலில் நின்றது. உள்ளே டிவி ஓடியது. அம்மாவும் கவிதாவும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாட்டியிடம் கேட்ட கதையை வைத்து, யாரோ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடப்பது போல என் தங்கை மகள் நடந்து காட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கதவருகில் போய் நின்றேன்.

முதலில் குழந்தை பார்த்தது. சிரிப்பு அறுந்தது. அம்மாவின் கை டிவி ரிமோட்டைத் தேடியது. கவிதா பின்கதவைப் பார்த்தாள். நானென்று தெரிய எல்லோருக்கும் ஒரு நொடி ஆனது.

"சத்தமே கேக்கலையே சாமி" என்றாள் அம்மா.

அந்த ஒரு நொடி இனித்தது அப்பா. அந்த இனிப்பு தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். ஒரு மனிதன் மண்பாதையில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நடக்கக்கூடிய அளவுக்கு அது இனிப்புதான்.

இன்று சாயங்காலம் ரோட்டிலிருந்து திரும்பியதும் நீளமாக ஹாரன் அடித்தேன். வேப்பமரத்தருகே இன்னொரு தடவை. உங்கள் கணக்குப்படி நான் இனி இந்த வீட்டுக்கு விருந்தாளி. பாதி வழியில் இன்ஜின் சாவியை நோக்கி ஒரு கை போனது. தகரச்சுருளைச் சட்டைப்பையில்தான் வைத்திருந்தேன். அது குத்திய பிறகுதான் கையைப் பார்த்தேன். நரம்பு புடைத்து, நகம் அகன்று, அச்சாக உங்கள் கை. அதை ஹாரன்மேல் வைத்து அழுத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.